க்விக், எச்டிடிபி/3, வெப்டிரான்ஸ்போர்ட்: திறமூல லைப்ரரி எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே பாக்கெட் போய்வரும் அடித்தளத்தில் கைவைக்க ஆசைப்படுபவர்களுக்கானது இந்தப் பக்கம். க்விக் என்பது டிசிபிக்குப் பதிலாக யுடிபியின் மேல் ஓடும் நெறிமுறை. எச்டிடிபி/3 அதன்மேல் ஓடும் எச்டிடிபி. அதற்கும் மேலே பிரவுசரும் சர்வரும் இருபுறமும் பேசிக்கொள்ளும் வழி வெப்டிரான்ஸ்போர்ட். சாக்கெட் என்றால் என்ன, டிஎல்எஸ் எதற்கு என்ற அளவுக்குப் பழக்கம் இருந்தால் போதும். உதாரணங்களுக்குப் பெரும்பாலும் கோ மொழியில் எழுதப்பட்ட க்விக்-கோ என்ற க்விக் லைப்ரரியை எடுத்திருக்கிறேன். அதன் வளர்ச்சி முழுக்கப் பொதுவெளியில் நடந்தது. தடுமாறிய இடங்களும் அப்படியே பதிவாகியிருக்கின்றன.

டிசிபி நன்றாகத்தானே ஓடுகிறது, க்விக் எதற்கு?

டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அது திரும்ப வரும்வரை பின்னால் வந்த எல்லாமே கெர்னலில் காத்துக்கிடக்கும். எச்டிடிபி/2-இல் ஒரே இணைப்பில் நூறு கோரிக்கைகள் போய்க்கொண்டிருக்கும்போது, தொலைந்தது ஒரு படத்தின் சிறு துண்டாக இருந்தாலும் நூறும் நிற்கும். க்விக்கில் ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் (ஒரே இணைப்புக்குள் ஓடும் தனித்தனித் தரவு ஓட்டம்) தனி வரிசை. ஒன்று தடைபட்டால் மற்றவை நகரும். இணைப்பும் குறியாக்கமும் ஒரே சுற்றில் முடிந்துவிடுகின்றன. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ஐபி முகவரி மாறி டிசிபி இணைப்பு அறுந்துவிடும். க்விக் தன் இணைப்பு அடையாள எண்ணை வைத்துத் தொடரும்.

லைப்ரரி எழுதுபவருக்கு முக்கியமான விஷயம் வேறு. க்விக் யுடிபியின் மேல், கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாக ஓடுகிறது. டிசிபியில் ஒரு மாற்றம் செய்தால் அது எல்லா இயங்குதளங்களுக்கும் போய்ச்சேர ஆண்டுகள் ஆகும். க்விக்கில் இன்று திருத்தி நாளை வெளியிடலாம். கெர்னல் இத்தனை காலமும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்ட வேலை மொத்தமும் உங்கள் தலையில் விழுவதும் இதனால்தான். கீழே வரும் கேள்விகளில் பாதி அந்த வேலையைப் பற்றியவை.

எந்த ஆவணங்களை, எந்த வரிசையில் படிப்பது?

கூகுளில் ஜிம் ராஸ்கிண்ட் 2012 வாக்கில் வடிவமைத்தது க்விக். 2016-இல் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அதற்கென ஒரு குழு அமைத்தது. மே 2021-இல் ஆர்எஃப்சி (ஐஇடிஎஃப் வெளியிடும் தரநிலை ஆவணம்) 8999 முதல் 9002 வரை நான்கு ஆவணங்கள் வந்தன. 9000 நெறிமுறை, 9001 டிஎல்எஸ் இணைப்பு, 9002 பாக்கெட் இழப்பைக் கண்டறிதலும் நெரிசல் கட்டுப்பாடும் (நெட்வொர்க் தாங்கும் அளவுக்கு அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது). எச்டிடிபி/3 ஜூன் 2022-இல் 9114 என்ற எண்ணில் வந்தது. அதன் தலைப்புகளைச் சுருக்கும் முறையான க்யூபேக் 9204. டேட்டாகிராம் நீட்டிப்பு 9221.

9000-ஐ முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் பாதியில் தூக்கம் வரும். 16, 17, 19 ஆகிய பகுதிகளிலிருந்து தொடங்குங்கள்: எண் குறியீடு, பாக்கெட் வடிவம், ஃபிரேம் (பாக்கெட்டுக்குள் இருக்கும் செய்தித் துண்டு) வகைகள். இவற்றுக்குப் பார்சர் எழுதியபின் முன்பகுதிக்குத் திரும்பினால் ஒவ்வொரு வரிக்கும் பொருள் விளங்கும். பாதுகாப்பு பற்றிய 21-ஆம் பகுதியைப் பின்னிணைப்புபோல நினைத்துக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இன்னொன்று: இணையத்தில் தேடினால் கிடைக்கும் பழைய கட்டுரைகள் பல கூகுளின் ஆரம்பகால க்விக்கைப் பற்றியவை. அதில் குறியாக்கமே வேறு, டிஎல்எஸ் கிடையாது. அவற்றைப் பார்த்து நிரல் எழுதினால் எதனோடும் பேசாது.

ஏற்கெனவே இத்தனை லைப்ரரிகள் இருக்கும்போது புதிதாக ஒன்று எழுதலாமா?

கற்றுக்கொள்ள என்றால் தாராளமாக எழுதுங்கள். பிறர் நம்பிப் பயன்படுத்த என்றால், முதலில் உங்கள் மொழியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சி மொழியில் என்ஜிடிசிபி2, எம்எஸ்க்விக், எல்எஸ்க்விக், பிக்கோக்விக் உண்டு. ரஸ்டில் க்ளவுட்ஃப்ளேரின் கீஷ், மொசில்லாவின் நெக்கோ, அமேசானின் எஸ்2என்-க்விக், அப்புறம் க்வின். பைத்தானில் ஏஐஓக்விக்.

இந்த மொழிகளில் ஐந்தாவதாக ஒன்றைத் தொடங்குவதைவிட இருப்பதில் ஒன்றுக்கு உழைப்பது மேல் என்பது என் கருத்து. ஹேண்ட்ஷேக் (இணைப்பைத் தொடங்கிச் சாவிகளை ஒத்துக்கொள்வது) முடிந்து ஒரு கோப்பு இறங்கும் நிலைக்கு ஒரு தனிநபர் வந்துவிட முடியும். அதற்குப் பிறகுதான் லைப்ரரி வேலையே தொடங்குகிறது: மோசமான நெட்வொர்க், மோசமான எதிர்முனை, மாறிக்கொண்டே இருக்கும் தரநிலை வரைவுகள், நள்ளிரவில் வரும் பாதுகாப்பு மின்னஞ்சல். அதைத் தனியாகச் சுமப்பது கஷ்டம்.

டிஎல்எஸ்-ஐயும் நானே எழுதிவிடலாமா?

வேண்டாம். ஆனால் “இருக்கிற டிஎல்எஸ் லைப்ரரியைப் பயன்படுத்து” என்று சொல்வது எளிது, செய்வது அவ்வளவு எளிதல்ல.

வழக்கமான டிஎல்எஸ் லைப்ரரி டிசிபி சாக்கெட்டை எதிர்பார்க்கும். தானே ரெக்கார்டு கட்டி, தானே குறியாக்கி அனுப்பும். க்விக்குக்கு அது வேண்டாம். ஹேண்ட்ஷேக் செய்திகளை மட்டும் டிஎல்எஸ் கொடுக்க வேண்டும். அவற்றை கிரிப்டோ ஃபிரேமில் வைத்து அனுப்புவது க்விக்கின் வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் பிறக்கும் சாவிகளையும் டிஎல்எஸ் வெளியே தர வேண்டும். இந்தக் கதவைத் திறந்துவிடும் ஏபிஐ பல லைப்ரரிகளில் நெடுங்காலம் இல்லை.

கோ மொழியில் என்ன ஆனது என்று பாருங்கள். 2016-இல் தொடங்கிய க்விக்-கோ, கோவின் டிஎல்எஸ் தொகுப்பைப் பிரதியெடுத்து, தேவையான இடங்களை மாற்றி, க்யூடிஎல்எஸ் என்ற பெயரில் வைத்துக்கொண்டது. கோவின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் புதிய பிரதி தேவைப்பட்டது. கோவை மேம்படுத்திவிட்டு க்விக்-கோவை மேம்படுத்த மறந்தவர்களுக்கு நிரல் கம்பைலே ஆகாது. ஆகஸ்ட் 2023-இல் கோ 1.21 க்விக்குக்கான ஏபிஐயைத் தன் டிஎல்எஸ் தொகுப்பிலேயே கொண்டுவந்தபின்தான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

பரவலாகப் பயன்படும் டிஎல்எஸ் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் கதை இன்னும் நீளம். அதிலிருந்து கூகுள் பிரித்தெடுத்த போரிங்எஸ்எஸ்எல்லில் இருந்த ஏபிஐயை அங்கேயும் சேர்க்க 2019-இலேயே பேட்ச் அனுப்பப்பட்டது. அதை ஏற்காமல், தாங்களே முழு க்விக்கையும் எழுதப்போவதாக 2021-இல் முடிவெடுத்தார்கள். இடைக்காலத்தில் அகமாயும் மைக்ரோசாஃப்ட்டும் க்விக்டிஎல்எஸ் என்ற கிளையை நடத்தின. 2023 நவம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.2 க்ளையன்ட் பக்கத்தை மட்டும் தந்தது. சர்வர் பக்கமும், பிற க்விக் லைப்ரரிகளுக்கான ஏபிஐயும் ஏப்ரல் 2025-இல் வந்த 3.5-இல்தான் கிடைத்தன.

ஆகவே மொழியையும் டிஎல்எஸ் லைப்ரரியையும் ஒன்றாகவே தேர்ந்தெடுங்கள். இரண்டாவது பொருந்தாவிட்டால் முதலாவதை எவ்வளவு விரும்பினாலும் பயனில்லை.

லைப்ரரியே சாக்கெட்டைத் திறக்க வேண்டுமா?

திறக்காமல் இருந்தால் நல்லது. ஏஐஓக்விக்கும் என்ஜிடிசிபி2-உம் பின்பற்றும் முறை இது: மையப்பகுதி எந்த உள்ளீடு-வெளியீடும் செய்யாது. “இந்த பைட்டுகள் இந்த நேரத்தில் வந்தன” என்று நீங்கள் சொல்வீர்கள். “இவற்றை அனுப்பு, இந்த நேரத்தில் என்னை மறுபடி எழுப்பு” என்று அது பதில் சொல்லும். கடிகாரத்தைக்கூட அது பார்ப்பதில்லை.

இதன் அருமை சோதனை எழுதும்போது தெரியும். மூன்றாவது பாக்கெட்டைத் தொலைத்து, ஏழாவதை இருமுறை கொடுத்து, நேரத்தை இரண்டு நொடி தள்ளிவைத்து என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். நிஜமாக இரண்டு நொடி காத்திருக்க வேண்டியதில்லை, சோதனை ஒருநாள் தேறி மறுநாள் தவறுவதும் இல்லை. கோ போன்ற மொழியில் பயனர்கள் “கேள், ஏற்றுக்கொள், படி, எழுது” என்ற பழகிய வடிவத்தை எதிர்பார்ப்பார்கள். அதை மேலே ஓர் அடுக்காகக் கொடுங்கள்.

முதல் பாக்கெட்டின் குறியாக்கமே பிரிபடவில்லை. எங்கே பார்ப்பது?

ஆர்எஃப்சி 9001-இன் பின்னிணைப்பு ஏ-வில். ஒரு மாதிரி இணைப்பு எண்ணிலிருந்து தொடங்கி, சாவிகள், ஐவி (குறியாக்கத்தின் தொடக்க மதிப்பு), குறியாக்கத்துக்கு முன்னும் பின்னும் முழு பாக்கெட் எல்லாம் பைட் பைட்டாக அங்கே அச்சாகியிருக்கின்றன. அவற்றை முதல் யூனிட் டெஸ்ட்டாக வையுங்கள். எந்தப் படியில் உங்கள் மதிப்பு மாறுபடுகிறதோ பிழை அங்கே.

வழக்கமான மூன்று இடங்கள்: இனிஷியல் சாவிகளை (முதல் பாக்கெட்டுகளுக்கானவை) இரு தரப்பும் க்ளையன்ட் முதலில் தேர்ந்தெடுத்த இலக்கு இணைப்பு எண்ணிலிருந்தே பிறப்பிக்க வேண்டும்; சிலர் சர்வரின் எண்ணை எடுத்துவிடுகிறார்கள். ஹெடர் பாதுகாப்புக்கான (பாக்கெட்டின் தலைப்பை மறைப்பது) மாதிரி பைட்டுகள் பாக்கெட் எண் தொடங்கும் இடத்திலிருந்து நான்கு பைட் தள்ளித் தொடங்கும், பாக்கெட் எண்ணின் நீளம் ஒரு பைட்டாக இருந்தாலும் சரி. நான்ஸ் (ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மாறும் குறியாக்க எண்) கணக்கில் சேர்வது முழு பாக்கெட் எண். கம்பியில் வந்த சுருக்கப்பட்ட எண் அல்ல.

என் கணினியில் இணைகிறது. வெளியே போனால் தொங்குகிறது. ஏன்?

பெரும்பாலும் சான்றிதழ்தான் காரணம். க்ளையன்டின் முகவரி உண்மையானதுதான் என்று உறுதியாகும்வரை, தனக்கு வந்த பைட்டுகளின் மூன்று மடங்குக்கு மேல் சர்வர் அனுப்பக் கூடாது. இல்லாவிட்டால் போலி முகவரியைக் கொடுத்து யார்மேலும் உங்கள் சர்வரை ஏவிவிடலாம். க்ளையன்டின் முதல் டேட்டாகிராம் (யுடிபி பாக்கெட்) குறைந்தது 1200 பைட் இருக்க வேண்டும் என்ற விதியும் இதனால்தான்: 1200 வந்தால் 3600 அனுப்பலாம். ஆர்எஸ்ஏ சான்றிதழ்ச் சங்கிலி நீளமாக இருந்தால் 3600 போதாது. சர்வர் வாய்மூடிக் காத்திருக்கும். அந்த நேரம் பார்த்து க்ளையன்டின் ஒப்புகை பாக்கெட் (“வந்தது” என்று சொல்வது) தொலைந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்காகவே 9002 ஒரு விதி வைத்திருக்கிறது: கையில் ஒப்புகைக்குக் காத்திருக்கும் பாக்கெட் எதுவும் இல்லாவிட்டாலும், ஹேண்ட்ஷேக் முடியும்வரை க்ளையன்ட் டைமர் வைத்து ஒரு பாக்கெட்டையாவது அனுப்ப வேண்டும். லோக்கல் நெட்வொர்க்கில் எதுவும் தொலையாது என்பதால் இந்தப் பிழை வீட்டில் ஒருநாளும் தெரியாது.

இதே வரிசையில் இன்னொன்று. பிரவுசர்கள் இப்போது குவாண்டம் கணினிக்கும் ஈடுகொடுக்கும் சாவிப் பரிமாற்றத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் இரண்டு முறைகளின் சாவிகள் சேர்ந்து போகும்: எம்எல்-கெம் 768-க்கு 1184 பைட், எக்ஸ்25519-க்கு 32, ஆக மொத்தம் 1216. 1200 பைட் பாக்கெட்டில் இது ஒன்றுகூட அடங்காது. க்ளையன்ட் ஹலோ (க்ளையன்டின் முதல் டிஎல்எஸ் செய்தி) இரண்டு பாக்கெட்டாக வரும், இரண்டாவது முதலில் வந்தாலும் வரும். குரோம் வேண்டுமென்றே ஹலோவைத் துண்டாக்கி வரிசை மாற்றி அனுப்புவதும் உண்டு. “ஹலோ ஒரே பாக்கெட்டில் வரும்” என்று எங்காவது எழுதியிருந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.

எந்த நெரிசல் கட்டுப்பாட்டு முறையை எடுப்பது?

9002-இல் முழு சூடோகோடுடன் இருக்கும் நியூரீனோவை. அது சரியாக ஓடியபின் க்யூபிக். பிபிஆர் பற்றி முதல் ஆண்டில் யோசிக்காதீர்கள்.

டிசிபியைவிட வேகம் குறைவாக இருக்கிறதே?

ஆரம்பத்தில் இருக்கும். டிசிபியில் ஒரே சிஸ்டம் காலில் (கெர்னலை அழைப்பது) பெரிய பஃபரைக் கெர்னலிடம் தள்ளிவிடலாம், துண்டாக்குவதை நெட்வொர்க் அட்டையே செய்யும். யுடிபியில் ஒவ்வொரு 1200, 1400 பைட்டுக்கும் ஒரு சிஸ்டம் கால் போட்டால் சிபியு அதிலேயே போய்விடும். லினக்ஸ் 4.18-இலிருந்து யுடிபிக்கும் ஜிஎஸ்ஓ உண்டு: பல பாக்கெட்டுகளை ஒட்டி ஒரே காலில் கொடுக்கலாம். வாங்கும் பக்கத்தில் ஜிஆர்ஓ.

அடுத்தது சாக்கெட் பஃபர். லினக்ஸின் இயல்பான யுடிபி பஃபர் சிறியது. வேகமான இணைப்பில் நிரல் கொஞ்சம் தாமதித்தாலே பாக்கெட்டுகள் கெர்னலில் கொட்டிப்போகும். நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்து நெரிசல் கட்டுப்பாடு வேகத்தைக் குறைக்கும். க்விக்-கோ பஃபரைப் பெரிதாக்க முயன்று, முடியாவிட்டால் லாகில் எச்சரிக்கை எழுதும், நெட்.கோர்.ஆர்மெம்_மேக்ஸ் மதிப்பை 7500000 ஆக வைக்கச் சொல்லி ஆவணமும் வைத்திருக்கிறது. லைப்ரரி இப்படி வாய்திறந்து சொல்வது நல்ல பழக்கம்.

குறியாக்கத்தில் நேரம் போகிறது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். ப்ரொஃபைலரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். சிஸ்டம் காலும் மெமரி ஒதுக்கீடும் முன்வரிசையில் நிற்கும்.

விதிகளை எல்லாம் பின்பற்றிவிட்டேன். லைப்ரரி பாதுகாப்பானதுதானே?

இந்தப் பக்கத்தில் எனக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான். விதியைப் பின்பற்றும் எதிர்முனைக்காக மட்டும் எழுதிய லைப்ரரி பாதிதான் முடிந்திருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இதை ஒருவன் பத்து லட்சம் முறை அனுப்பினால் என் மெமரியில் என்ன வளரும்?

நிஜமாக நடந்தது ஒன்று. பாத் சேலஞ்ச் ஃபிரேம் வந்தால் அதற்கு பாத் ரெஸ்பான்ஸ் அனுப்ப வேண்டும். எட்டு பைட் கேள்வி, அதே எட்டு பைட் பதில். இதைவிட அப்பாவியான ஃபிரேம் இருக்க முடியாது. ஆனால் தாக்குபவன் சேலஞ்சுகளைக் கொட்டிக்கொண்டே, பாக்கெட்டுகளுக்கான ஒப்புகையைத் தேர்ந்தெடுத்து அனுப்பி எதிர்முனையின் நெரிசல் சாளரத்தை (ஒப்புகை வருமுன் அனுப்பக்கூடிய அளவு) சுருக்குகிறான். பதில்கள் வெளியே போக முடியாமல் வரிசையில் குவிகின்றன. மெமரி தீர்ந்து சர்வர் விழுகிறது. க்விக்-கோவில் இது சிவிஇ-2023-49295 என்ற எண்ணில் (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளுக்கான பொதுப் பதிவெண்) பதிவாகித் திருத்தப்பட்டது. அடுத்த ஆண்டே இணைப்பு எண்களை ஓய்வுபெறச் செய்யும் ஃபிரேமை வைத்து இதே பாணித் தாக்குதல் வெளிவந்தது, சிவிஇ-2024-22189. இரண்டிலும் நெறிமுறை சொன்னபடியே நிரல் நடந்துகொண்டிருந்தது. இல்லாமல்போனது வரிசைக்கு ஓர் உச்சவரம்பு.

ஒப்புகையையும் நம்பாதீர்கள். வராத பாக்கெட்டுக்கெல்லாம் “வந்தது” என்று சொல்லி உங்களை வேகமாக அனுப்பவைக்கலாம். அவ்வப்போது ஒரு பாக்கெட் எண்ணைத் தாண்டிவிட்டு அனுப்புங்கள். அனுப்பாத எண்ணுக்கு ஒப்புகை வந்தால் இணைப்பை மூடிவிடலாம்.

எச்டிடிபி/3-ஐச் சேர்ப்பது பெரிய வேலையா?

கீழே க்விக் உறுதியாக இருந்தால் இல்லை. பயமுறுத்துவது க்யூபேக் ஒன்றுதான். அதில் நல்ல செய்தி: மாறும் அட்டவணையின் இயல்பான கொள்ளளவு பூஜ்யம். நீங்கள் அதை உயர்த்தாதவரை எதிர்முனை அதைப் பயன்படுத்தவே முடியாது. 99 பதிவுகள் உள்ள நிலையான அட்டவணையும் ஹஃப்மன் பிரிப்பானும் இருந்தால் விதிப்படி முழுமையான, பேசக்கூடிய எச்டிடிபி/3 தயார்.

வெப்சாக்கெட் இருக்க வெப்டிரான்ஸ்போர்ட் ஏன்? அதை இப்போதே ஆதரிக்கலாமா?

வெப்சாக்கெட் ஒற்றை வரிசை. பழைய செய்தி வந்துசேராமல் புதியது வராது. விளையாட்டில் ஒருவர் நிற்கும் இடம், நேரலையில் ஒரு ஒலித்துண்டு ஆகியவை தாமதமாக வந்தால் குப்பைக்குத்தான் போகும். வெப்டிரான்ஸ்போர்ட்டில் வேண்டிய அளவு ஸ்ட்ரீம்களும், தொலைந்தால் தொலையட்டும் என்று விடக்கூடிய டேட்டாகிராம்களும் உண்டு. குரோம் 97 ஜனவரி 2022-இலும் ஃபயர்பாக்ஸ் 114 ஜூன் 2023-இலும் அதைக் கொண்டுவந்தன.

ஆதரிக்கலாம், ஆனால் வரைவு நகர்ந்துகொண்டே வந்திருப்பதை மனதில் வையுங்கள். முதலில் “வெப்டிரான்ஸ்போர்ட் உண்டு” என்று மட்டும் சொல்லும் ஓர் அமைப்பு இருந்தது. பிந்தைய வரைவில் “அதிகபட்சம் இத்தனை செஷன்” என்று எண் சொல்லும் வேறோர் அமைப்பு வந்தது. பிரவுசர் எந்த வரைவில் நிற்கிறதோ அதையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். இந்தக் குறியீட்டை எச்டிடிபி/3-க்குள் கலக்காமல் தனித் தொகுப்பாக வையுங்கள். க்விக்-கோக்காரர்களும் வெப்டிரான்ஸ்போர்ட்-கோவைத் தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு கண்ணி: ஸ்ட்ரீம்களுக்கு இடையே வரிசை இல்லாததால், செஷனைத் திறக்கும் கோரிக்கைக்கு முன்பே அந்த செஷனின் ஸ்ட்ரீம் வந்துநிற்கலாம். அதைத் தூக்கியெறியாமல் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். எத்தனை வைத்திருப்பது? மறுபடியும் உச்சவரம்புக் கேள்விதான்.

லோக்கல் சோதனையில் பிரவுசர் என் சான்றிதழை ஏற்கவில்லை.

வெப்டிரான்ஸ்போர்ட் ஏபிஐயில் சான்றிதழின் ஹேஷைக் கொடுத்து இணையும் வசதி உண்டு. சான்றிதழ் ஆர்எஸ்ஏவாக இருக்கக் கூடாது, இசிடிஎஸ்ஏ வேண்டும். செல்லுபடிக்காலம் இரண்டு வாரத்தைத் தாண்டக் கூடாது. ஓராண்டுச் சான்றிதழைச் செய்துவைத்துவிட்டுப் போராடுபவர்கள் நிறைய.

சோதனைக்கு எதையெல்லாம் பயன்படுத்தலாம்?

உங்கள் க்ளையன்டும் உங்கள் சர்வரும் பேசிக்கொள்வதில் பெரிதாக ஒன்றும் நிரூபணமாகாது. இரண்டும் ஒரே ஆளின் தவறான புரிதலைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். க்விக்-கோவை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்ட்டன் சீமன் தொடங்கிய க்விக் இன்டெராப் ரன்னரில் சேருங்கள். ஒவ்வொரு லைப்ரரியும் ஒரு டாக்கர் இமேஜ். நடுவில் என்எஸ்-3 நெட்வொர்க் சிமுலேட்டர். எல்லா க்ளையன்டையும் எல்லா சர்வரோடும் மோதவிட்டு, ஹேண்ட்ஷேக், ரீட்ரை, சாவி மாற்றம், பாக்கெட் இழப்பு, இணைப்பு நடுவில் சில நொடி முழு இருட்டு என்று வரிசையாகச் சோதிக்கும். முடிவு ஓர் அட்டவணையாக வரும். உங்கள் வரிசை முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிழை யாருடையது என்று விவாதிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கட்டம் சிவப்பாக இருந்தால் அந்த இன்னொரு குழுவோடு பேச வேண்டிய நேரம்; அவர்கள் பதில் சொல்வார்கள், இந்தத் துறை சிறியது.

அதோடு பார்சர்கள் எல்லாவற்றுக்கும் ஃபஸ்ஸிங் (தாறுமாறான உள்ளீட்டைக் கொட்டிச் சோதிப்பது). மேலும் முதல் நாளிலிருந்தே க்யூலாக் எழுதுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டும் ஃபிரேமும் சாளர அளவும் பதிவாகும். க்யூவிஸ் கருவியில் போட்டால் படமாகத் தெரியும். நெரிசல் கட்டுப்பாட்டுப் பிழையை பிரின்ட் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. படத்தில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் கண்ணில் படும்.

0-ஆர்டிடி தர வேண்டுமா?

ஹேண்ட்ஷேக் முடியும்வரை காத்திராமல் முதல் பாக்கெட்டோடே தரவை அனுப்புவது 0-ஆர்டிடி. தரலாம், இயல்பாக அணைத்துவையுங்கள். பிடித்துவைத்த முதல் பாக்கெட்டை வேறொருவன் மறுபடி அனுப்ப முடியும். “பணம் அனுப்பு” போன்ற கோரிக்கைக்கு அது ஆகாது என்பதை ஏபிஐ பெயரிலேயே தெரியும்படி வையுங்கள்.

எப்போது 1.0 என்று அறிவிப்பது?

அவசரமில்லை. க்விக்-கோ 2025-இலும் 0.50-க்கு மேற்பட்ட எண்களில்தான் ஓடியது. அதற்குள் கேடி வெப் சர்வரும் லிப்பி2பி என்ற பியர்-டு-பியர் லைப்ரரியும் அதை நம்பி இயங்கிக்கொண்டிருந்தன. எண்ணைவிட, ஒவ்வொரு வெளியீட்டிலும் எது உடையும் என்று தெளிவாக எழுதுவதைப் பயனர்கள் மதிக்கிறார்கள்.

உரிமம்?

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 மூன்றில் ஒன்று. மேலே சொன்ன லைப்ரரிகளில் க்விக்-கோவும் எம்எஸ்க்விக்கும் எம்ஐடி, கீஷ் பிஎஸ்டி, எஸ்2என்-க்விக் அப்பாச்சி.

பிழையை எப்படித் தெரிவிப்பது? எதையெல்லாம் இணைப்பது?

லைப்ரரியின் பதிப்பு, இயங்குதளம், எதிர்முனையில் என்ன ஓடுகிறது, அப்புறம் க்யூலாக். “மெதுவாக இருக்கிறது” என்ற ஒற்றை வரியை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மெமரி வளர்கிறது, சர்வர் விழுகிறது என்றால் பொது இஷ்யூவில் எழுதாமல், ரெப்போவில் உள்ள செக்யூரிட்டி கோப்பு சொல்லும் தனிவழியில் அனுப்புங்கள். நீங்கள் லைப்ரரியை நடத்துபவர் என்றால் முதல் வெளியீட்டுக்கு முன்பே அந்தக் கோப்பை எழுதிவையுங்கள். வயர்ஷார்க் பதிவையும் அதைப் பிரிக்கும் டிஎல்எஸ் சாவிக் கோப்பையும் சேர்த்து அனுப்பினால் வேலை சீக்கிரம் நடக்கும். ஆனால் அந்தச் சாவிக் கோப்பு இருந்தால் பதிவில் உள்ள குக்கி, கடவுச்சொல் எல்லாவற்றையும் யாரும் படிக்கலாம். ஆகவே சோதனை சர்வரில் பிழையை மறுபடி வரவழைத்து, அந்தப் பதிவை மட்டும் அனுப்புங்கள்.